பைக்கோடு ஓடும் நாய்

தம்பி ராணுவத்தில் இருக்கிறான். வடக்கே மாற்றலானதும் தன் பெல்ஜியன் ஷெப்பர்ட் நாயைச் செங்கோட்டையில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். "காலைல ஒரு மணிநேரம், சாயங்காலம் ஒரு மணிநேரம் ஓடணும்க்கா. கோழி, முட்டை, ஈரல் எல்லாம் குடு. ஓடாத அன்னிக்கு மட்டும் கொறச்சிரு" என்று சொல்லிவிட்டு ரயிலேறினான்.

அந்த நாயோடு ஓட என்னாலும் முடியாது, என் வீட்டுக்காரராலும் முடியாது. அதனால் இங்கே பலரும் செய்வதைச் செய்தோம். அவர் பைக் ஓட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்து வாரைப் பிடித்துக்கொள்வேன். நாய் இடப்பக்கம் கூடவே ஓடிவரும். ஒரே மாதத்தில், பைக் சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்று பயலுக்குப் பழகிவிட்டது. எனக்கு அதில் பெருமை வேறு.

போன சாரல் சீசனுக்குக் குற்றாலம் ரோடு முழுக்கக் கார்கள். நாலைந்து நாள் அவனை வெளியே கொண்டுபோகவே முடியவில்லை. கட்டிக் கிடக்கிறானே என்று இரக்கப்பட்டு, குறைக்க வேண்டிய ஈரலை நான் கூட்டித்தான் வைத்தேன். தின்ற பலத்தையெல்லாம் வாசல் கதவைப் பிராண்டுவதில் காட்டினான். "இவனத் திருப்பி அனுப்பிருட்டி, நமக்கு ஆகாது" என்றார் வீட்டுக்காரர். கடைசியில் ஒரு காலையில் புளியறை ரோட்டுக்குப் போனோம்.

பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் வைத்தேன். எதிர்ப்பக்கம் புரோட்டாக் கடையிலிருந்து கோழி வாசனை வந்தது. ஒரே இழுப்பு. கொக்கி தெறித்து, வார் என் கையில் நின்றுவிட்டது. அவன் ரோட்டைத் தாண்டிவிட்டான். அடுத்த நொடி கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசையாக வர ஆரம்பித்தன.

வீட்டுக்காரர் பைக்கில் ஏறிச் சாவியைத் திருப்பினார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க! சத்தம் கேட்டா வந்துருவான்!"

"அப்ப கூப்பிடவாவது செய்யி!"

"கூப்பிட்டாலும் வந்துருவாம்லா!"

சாவியைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டேன். லாரிகளுக்கு நடுவே அவன் தெரிந்தான், மறைந்தான். எச்சில் இலையை நக்கி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கி எங்களைத் தேடினான். நான் பைக்குக்குப் பின்னால் குத்தவைத்து ஒளிந்துகொண்டேன். வராதே, வராதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அப்போது கடை வாசலில் டீ குடித்து முடித்த ஒருவர் தன் புல்லட்டை உதைத்தார். அவன் காதுகள் நிமிர்ந்தன. புல்லட் செங்கோட்டைப் பக்கம் கிளம்ப, அதன் இடப்பக்கம், மண் ஓரமாக, நாங்கள் பழக்கிய மாதிரியே இவனும் ஓடினான்.

இடைவெளி கிடைத்ததும், சத்தம் கேட்டுத் திரும்பிவிடுவானோ என்று பைக்கை அங்கேயே போட்டுவிட்டு இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து பின்னால் ஓடினோம். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை முந்திப் போனார். ஒவ்வொரு ஹாரனுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது.

பெட்ரோல் பங்கில் புல்லட் நின்றிருந்தது. பக்கத்தில் இவன் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கீறல் இல்லை. வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து அவன் நாலு காலையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"உங்க நாயா அண்ணாச்சி? நல்லா ஓடுதுல்லா" என்றார் புல்லட்காரர்.

பெட்ரோல் போட்டு அவர் வண்டியை மறுபடி உதைத்ததும், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இவன் எழுந்தான். முந்தானையை அவன் கழுத்தில் சுற்றி இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்களைத் தேடி வந்துவிடுவானோ என்றுதான் அத்தனை நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வராமல் யாரோ ஒருவரோடு போய்விட்டானே என்று ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன்.