கண்ணாடியில் தண்ணீர் தெரியாதபோது

காலை ஆறு மணி பத்து நிமிடம். சிதம்பரத்தில் ரயில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, ஜன்னலோரம் பாதி நிரம்பி நின்ற ஒரு தண்ணீர் பாட்டில். அதை வைத்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். புருவங்கள் அனலில் கருகி மெலிந்திருந்தன. பேச்சுக்கு நடுவிலும் அடிக்கடி பாட்டிலின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அரிசி ஆலை பாய்லரில் ஹெல்ப்பராம். ஆபரேட்டர் சான்றிதழுக்கான வாய்மொழித் தேர்வுக்கு இரண்டாம் முறையாகச் சென்னை போகிறார்.

“போன தடவ ஒரே கேள்விதான் சார் கவுத்துது. பாய்லர்ல தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடியில தண்ணி தெரியல, மொதல்ல என்ன செய்வீங்கன்னாங்க. ஆபரேட்டரக் கூப்புடுவேன்னுட்டேன்.”

“அப்புறம்?”

“அப்ப அந்த ஆபரேட்டரையே பரீட்சைக்கு அனுப்பியிருக்கலாமேன்னு சிரிச்சாங்க. அவரு என் மச்சான்தான் சார். எதுன்னாலும் ‘மச்சான்’னு கத்தியே பழகிப்போச்சு.”

சரியான பதில் அவருக்குத் தெரியும்: முதலில் நெருப்பை நிறுத்த வேண்டும். அதை எனக்கு இரண்டு முறை ஒப்பித்தார். பிறகு குரல் தணிந்தது.

“ஹெல்ப்பர் தானா ஸ்டீம் வால்வத் தொடக்கூடாது சார். ஒருநாளாச்சும் யாரையும் கேக்காம நானே தொறந்து விடணும்.”

சொல்லும்போதே அவர் கை காற்றில் ஒரு சக்கரத்தை மெல்லத் திருப்பியது.

நான் கடலூர் முதுநகரில் இறங்கியதும் அவர் ஜன்னலருகே போய்ச் சட்டென்று கேட்டேன்: “தண்ணி தெரியல. மொதல்ல என்ன செய்வீங்க?”

“மச்சான…” என்று தொடங்கியவர் வாயைப் பொத்திக்கொண்டார். ரயில் நகர்ந்தது.

மறுநாள் காலை அவருக்குத் தேர்வு.