கருகின வாசனை வந்துச்சா?

போன வாரம் ஒரு மத்தியானம், ஒரே நிமிடத்தில் மூன்று முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. இப்போது வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் நான் எழுந்து போய் சி.பி.யு. பெட்டியின் பின்பக்கம் மூக்கை வைத்து முகர்ந்தேன். "என்னம்மா, கொழம்பு அடிபிடிச்சிதான்னு பாக்குற மாதிரி பாக்குற?" என்று மகள் சிரித்தாள். மூன்றாவது படிக்கிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

அப்போது நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீடு வரைந்துகொண்டிருந்தேன். வீடு என்றால் இன்னும் கட்டாத வீடு. பிளானைக் கம்ப்யூட்டரில் நிஜ வீடு போல ஆக்கி, வாசலில் இல்லாத காரையும் தோட்டத்தில் இல்லாத மரத்தையும் நிறுத்திக் கொடுப்பது. (நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பூச்சு வேலைகூட முடியவில்லை, அது வேறு கதை.) பிரசவத்துக்குப் பிறகு மரக்காணத்திலிருந்தே செய்கிறேன் என்று கெஞ்சினேன். மேனேஜர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். "கரண்ட் போச்சு, நெட் போச்சுன்னு ஒரு வாட்டி சொன்னாலும் இங்க வந்துடணும்மா." கணவர் கடலுக்குப் போகிறவர். ஐந்து மாதக் குழந்தையோடு நான் மட்டும் சென்னையில் எங்கே போய் இருப்பது? அந்த வேலை போனால் அதோடு நான் படித்த படிப்பும் வீணாய்ப் போச்சு என்று எனக்குத் தெரியும்.

இருபதாவது நாள், சாயங்காலம் ஏழு மணிக்குள் ஒரு வீட்டை அனுப்பியாக வேண்டும். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது, வந்தது, போனது, வந்தது. கடைசியாக வந்தபோது பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கூடவே வயர் கருகும் வாசனை. ஃபேன் சுற்றுகிறது, ஸ்க்ரீன் கறுப்பாகவே இருக்கிறது. ஒரு நீள பீப், பிறகு குட்டிக் குட்டியாக மூன்று. ஸ்க்ரீனுக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யவில்லை என்று பெட்டி கத்துகிறது.

எங்கள் ஊரில் எதற்கும் உப்புக் காற்றைத்தான் குற்றம் சொல்வோம். கதவு இறுகினாலும் உப்புக் காற்று, மாமியாருக்கு முட்டி வலித்தாலும் உப்புக் காற்று. நானும் அதையே நம்ப ஆசைப்பட்டேன். கார்டைக் கழற்றினேன். ஓரத்துக் கோடுகளில் லேசாகப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். அதே பீப். கரைக்கு வந்திருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "நல்ல தண்ணியில ஒரு அலசு அலசிட்டா?" படகு எஞ்சினுக்கு அவர் செய்கிற வைத்தியம் அது. குழந்தையை அவர் கையில் திணித்தேன். கார்டைக் குழந்தையின் பூந்துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் உப்பளம், கண் கூசும் வெயில். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

பஜாரில் அருள் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். என்னோடு ஒன்றாவதிலிருந்து படித்தவன். ஊரில் இந்த மாதிரிக் கார்டு போடக்கூடிய இன்னொரு கம்ப்யூட்டர் அவனிடம் மட்டும்தான் இருந்தது. அன்று பார்த்து அவன் சர்ச்சில் கொடியேற்றம். ஐந்து மணிக்கு அதை நேரலையாக வெளிநாட்டிலிருக்கும் ஜனங்களுக்குக் காட்ட வேண்டும், அந்த ஒரே கம்ப்யூட்டரை வைத்து.

"என் கார்டு கெட்டுப்போச்சான்னு உன் மெஷின்ல போட்டுப் பாக்கணும்" என்றேன்.

அவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உள்ள ஷார்ட் ஆயிருந்தா என்னுதும் சேர்ந்து போயிடும். கருகின வாசனை ஏதாவது வந்துச்சா?"

"இல்ல."

யோசிக்கவே இல்லை நான். நாக்கு தானாகச் சொன்னது.

"சரி." அவ்வளவுதான். தன் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு என்னுடையதை மாட்டினான். பட்டனை அழுத்துவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டான். ஃபேன் சுற்றியது, நின்றது. இப்போதாவது சொல்லிவிடு, பிளக்கைப் பிடுங்கு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஃபேன் திரும்பச் சுற்ற, ஸ்க்ரீனில் வெளிச்சம் வந்தது.

"ஏய், உன் கார்டு நல்லாத்தான் இருக்குது!" என்னைவிட அவனுக்குத்தான் சந்தோஷம். போனது கார்டு இல்லை, அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. பழைய பெட்டி ஒன்றிலிருந்து வேறொன்றைக் கழற்றிக் கொடுத்தான். ஏழடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வீட்டை அனுப்பினேன். வேலை நிலைத்தது. அவன் சர்ச்சில் கொடியும் ஏறியது.

ஒரு வருஷம் கழித்து, அவன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எல்லாம்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே என்று இதைத் தமாஷாகச் சொன்னேன். "அன்னிக்கி நல்லாவே கருகின வாசனை வந்துச்சு, தெரியுமா?" சிரிப்பான் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேனே" என்றான்.

கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்போம். அவன் கோபப்படவில்லை. அந்த வாரமே பாண்டிச்சேரி போய், உள்ளே ஷார்ட் இருக்கிறதா என்று காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கி வந்தான், அவ்வளவுதான். இன்றைக்கும் நன்றாகத்தான் பேசுகிறான், கிறிஸ்துமஸுக்குக் கேக் வருகிறது. ஒரு தடவை வேலை செய்யாத என் மதர்போர்டைக் கொண்டுபோனேன். ஒன்றும் கேட்காமல் வாங்கி, மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் வைத்து அளக்க ஆரம்பித்தான். அதுதான் சரியான முறை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "வாசனை எதுவும் வரல அருள்" என்று நானாகவே சொன்னேன். நிஜமாகவே வரவில்லை.

"ம்" என்றான். கண் மீட்டரில் இருந்தது.