பெரியப்பாவின் வாக்கு

சுவிஸ் நாட்டில் பெரியப்பா ஒரேயொரு முறைதான் வாக்களித்தார். அதையும் தனக்கு எதிராகவே அளித்தார். குடியுரிமை எடுக்காமல் வதிவிட அட்டையோடேயே காலத்தை ஓட்டியவர் என்பதால் தேர்தல்களில் அவருக்கு வேலை இருக்கவில்லை. நான் சொல்வது ஊஸ்டர் நகரில், அவருடைய ஒரே மகள், என் தங்கச்சி, படித்த பாடசாலை மண்டபத்தில் நடந்த வாக்கெடுப்பை. எனக்குப் பக்கத்துக் கதிரையில், அழுத்தி மடித்த கோட்டுக்குள்ளிருந்து அவருடைய வலக்கை விறுக்கென்று மேலே போனது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தத் தெரிவுக்கு மண்டபத்தில் முதலில் உயர்ந்த கை அதுதான்.

பெரியப்பாவுக்கு அப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. வேலை முடிந்து வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்தாரென்றால் அமெரிக்க அடிமை முறை பற்றிய விவரணப் படங்கள்தான். தற்செயலாக ஒன்றைப் பார்க்கத் தொடங்கியவரை அது இழுத்துக்கொண்டு போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் கைகொடுத்தது. கப்பலின் அடித்தட்டில் மனிதர்களை அடுக்கியது, ஏலத்தில் தாயை ஒருவனுக்கும் பிள்ளையை இன்னொருவனுக்கும் விற்றது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறந்தநாள் விழாக்களில், கேக் எப்போது வெட்டுவார்கள் என்று காத்திருக்கும் பிள்ளைகளைப் பிடித்துவைத்து, பருத்தி பிடுங்கும்போது விரல் எப்படிக் கிழியும் என்று விளக்குவார். வறிய வெள்ளைக்காரர் பற்றி அவருக்குத் தனி ஆத்திரம். "சொந்தமா ஒரு துண்டுக் காணி இல்லாதவனும் துரையின்ரை பக்கம்தான் நிண்டவன். ஏன் தெரியுமோ? தனக்குக் கீழை ஒருத்தன் இருக்கிறான் எண்ட பெருமை, புளுகம்" என்று சொல்லித் தலையை ஆட்டுவார்.

தன்னையும் அந்த அடிமைகளோடு சேர்த்துக்கொள்வதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. தலைமைச் சமையல்காரர் கொஞ்சம் விரைவாகச் செய்யச் சொன்ன நாளில், வீட்டுக்கு வந்து, "இண்டைக்குத் துரை சாட்டை எடுத்திட்டார்" என்பார். தங்கச்சி ஒருநாள் தட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டாள்: "அப்பா, பருத்தித் தோட்டத்திலை பதின்மூண்டாம் மாதச் சம்பளம் குடுத்தவங்களோ?" சுவிஸில் ஆண்டு முடிவில் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தப் பணத்தில் வாங்கிய தொலைக்காட்சியின் சத்தத்தைப் பெரியப்பா கூட்டினார்.

ஊஸ்டரில் எங்களோடு ஓர் அண்ணையும் இருந்தார். நகரப் பேருந்து ஓட்டுவதால் எல்லோருக்கும் அவர் பஸ் அண்ணை. அவருடைய தகப்பன் ஊரில் பெரியப்பா வீட்டுக்குப் பனை ஏறியவர், வயல் செய்தவர், கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நின்றவர். பெரியப்பாவின் தகப்பனை அவர், எசமானைக் கூப்பிடுவதுபோல், 'நயினார்' என்றுதான் அழைத்திருக்கிறார். பஸ் அண்ணையோ பெரியப்பாவைச் சாதாரணமாக 'அண்ணை' என்றார். பெரியப்பாவுக்கு இது பெரிய இலக்கணச் சிக்கலாகிவிட்டது. 'நீ' என்றால் சீருடை போட்ட சாரதியைச் சொல்வதுபோல் இருக்காது. 'நீங்கள்' என்று சொல்ல நாக்கு வளையவில்லை. ஆகவே ஆளே இல்லாத வசனங்களாகத் தேடிப் பேசினார். "இண்டைக்கு நல்ல குளிர்." "பஸ் நேரத்துக்கு வந்திட்டுது." அதைச் சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குப் போய்விடுவார். பல வருடங்கள் இருவரும் வானிலையைத் தாண்டவில்லை.

தங்கச்சி உயர்தர வகுப்பின் இறுதி ஆய்வுக்கு அமெரிக்க அடிமை முறையையும் அங்கே நிலவிய வர்க்க வேறுபாடுகளையும் எடுத்துக்கொண்டபோது பெரியப்பா பூரித்துப் போனார். அவள் ஒருநாள், அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நேரம், கைத்தொலைபேசியில் பதிவைப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு ஊரில் வீட்டு வேலை செய்தவர்களைப் பற்றிக் கேட்டாள். பெரியப்பா உற்சாகமாகச் சொன்னார்: "அவங்கள் எங்கடை குடும்பம் மாதிரித்தான். சாப்பாடு, நல்ல நாளுக்கு உடுப்பு எல்லாம் நாங்கள்தான். ஒரு குறையும் இல்லை. போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டாங்கள்." அவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். வெங்காயத்தால்தான் அவள் கண் கலங்கியது என்று நினைத்தேன்.

ஆய்வை எல்லோர் முன்னிலையிலும் விளக்கும் நாளுக்கு நான் கூர் நகரிலிருந்து, வேலை செய்யும் ஹோட்டலில் லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். பெரியம்மாவுக்குக் காய்ச்சல், பெரியப்பாவும் நானும் இரண்டாவது வரிசையில் இருந்தோம். பெரியப்பாவின் ஜேர்மன் சமையலறை ஜேர்மன். 'சூடு', 'கழுவு', 'எங்கே கரண்டி' வரைக்கும் மிக நன்றாக ஓடும். ஆனாலும் தங்கச்சி நிறுத்தி நிறுத்திப் பேசியதால் அவர் பாதிக்கு மேல் விளங்கிக்கொண்டு, தெரிந்த இடங்களில் ஆசிரியரைப்போல் தலையாட்டினார். நடுவில் அவள் திரையில் இரண்டு கூற்றுகளைக் காட்டினாள். யார் சொன்னது என்று போடவில்லை. முதலாவது, தன் வேலையாட்களின் உடல்நலத்தையும் செலவையும் பற்றி ஒருவர் வறட்சியாகச் சொன்னது. இரண்டாவது, அவர்கள் எங்கள் குடும்பம் மாதிரி, ஒரு குறையும் இல்லை, போகச் சொன்னாலும் போகமாட்டார்கள் என்பது. இதில் எது அடிமைகளை வைத்திருந்த தோட்டத்துரையின் பேச்சு? முதலாவது என்று நினைப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றாள். நாலைந்து கைகள். இரண்டாவது?

அப்போதுதான் பெரியப்பாவின் கை போனது. அதைத் தொடர்ந்து மண்டபமே கை உயர்த்தியது. அவர் என் பக்கம் சாய்ந்து, "கள்ளன். எவ்வளவு இனிப்பாக் கதைக்கிறான் பார்" என்றார்.

தங்கச்சி அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு, தோட்டத்துரை சொன்னது முதலாவது என்றும், இரண்டாவதைச் சொன்னவர் யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவர், தனக்கு மிகவும் பிரியமானவர் என்றும் சொன்னாள். "என்னவாம்?" என்று பெரியப்பா என்னிடம் கேட்டார். கை இன்னும் மேலேதான். வாழ்க்கையில் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் மிகச் சிறியது அதுதான்: "பெரியப்பா, ரெண்டாவது நீங்கள்."

கை உடனே இறங்கவில்லை. தலைவரைக்கும் வந்து, அங்கே கொஞ்சம் சொறிந்து, அதற்காகத்தான் உயர்ந்ததுபோல் ஒரு பாவனை செய்து, பிறகுதான் மடிக்கு வந்தது. முடிந்தபின் ஆசிரியை வந்து, நீங்கள் எவ்வளவு பெருமைப்பட வேண்டும் என்று கைகுலுக்கினார். பெரியப்பா "யா, யா" என்றார்.

ஓடைக்கரையால் வீட்டுக்கு நடந்தபோதுதான் வெடித்தார். "அவங்கள் ஆக்களைச் சந்தையிலை வித்தவங்கள். சாட்டையாலை அடிச்சவங்கள். நாங்கள் அப்பிடியோ?"

"ரெண்டும் ஒண்டு எண்டு நான் சொல்லேல்லை, அப்பா. அது வேறை, இது வேறை. ஆனா சொல்லுற கதை மட்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கு?"

"அவங்கள் சந்தோஷமாத்தான் இருந்தவங்கள்."

"ஆரிட்டைக் கேட்டனீங்கள்?"

பெரியப்பா நின்றுவிட்டார். ஓடையில் வாத்துகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு சில வாரங்கள் அப்பாவும் மகளும் பெரியம்மா ஊடாகத்தான் பேசிக்கொண்டார்கள். உப்பைத் தரச் சொல்லக்கூட நடுவில் பெரியம்மா வேண்டியிருந்தது.

பெரியப்பா பிடிவாதக்காரர்தான், ஆனால் ஒரு கேள்வி மனதில் விழுந்தால் தூங்கமாட்டார். ஒருநாள் பஸ் அண்ணையின் பேருந்தில் ஏறி, பின்வரிசைக்குப் போகாமல், சாரதியோடு பேசவேண்டாம் என்ற அறிவிப்புக்குக் கீழேயே நின்றிருக்கிறார். கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கியபின் கேட்டிருக்கிறார்: "உம்மடை அப்பா எங்கடை வீட்டிலை சந்தோஷமாத்தானே இருந்தவர்? போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டார், என்ன?"

பஸ் அண்ணை இயந்திரத்தை நிறுத்திவிட்டு, போத்தலில் இருந்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாராம்: "ஒருக்காச் சொல்லிப் பாத்திருக்கலாமே, அண்ணை."

பஸ் அண்ணை தொடர்ந்தார். தகப்பனுக்கு அந்த வீட்டில் தேங்காய்ச் சிரட்டையில்தான் தண்ணீர் வார்ப்பார்கள். இங்கே வந்து சேர்ந்த பிறகும் வீட்டில் கண்ணாடிக் குவளை கொடுத்தால், உடைந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் குடிப்பாராம். சாகும்வரைக்கும் அப்படித்தான். இதைச் சொல்லி முடித்துவிட்டு, "இருங்கோ, பஸ் வெளிக்கிடப்போகுது" என்று இயந்திரத்தைப் போட்டார். பெரியப்பா தன் தரிப்பைத் தவறவிட்டு, ஊரை இன்னொரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்தார்.

இதையெல்லாம் அவரே சோற்றுக்கு முன்னால் இருந்து சொன்னார், நேரடியாகத் தங்கச்சியைப் பார்த்து. பிறகு பெரியம்மாவிடம், "ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறன், குடும்பத்தோடை" என்றார். பெரியம்மாவுக்கு அகப்பை கையிலிருந்து நழுவியது. எடுத்துக் கழுவிக்கொண்டே, "மனிசிக்கு உறைப்புப் பிடிக்குமோ எண்டாவது கேட்டனீங்களோ?" என்றார். கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். சாப்பாடு முடிய, பஸ் அண்ணை சுற்றிப் பார்த்துவிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த சாய்மனைக் கதிரையில் போய் அமர்ந்தார். அது பெரியப்பாவின் கதிரை; பெரியம்மாகூட அதில் அமர்ந்ததில்லை. திரையில் வழக்கம்போல் பருத்திக்காடு. பஸ் அண்ணை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணை, வேறை ஒண்டும் போகாதோ?" என்றார். பெரியப்பா மறுபேச்சில்லாமல் பனிச்சறுக்குப் போட்டிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு அமர்ந்தார். இரண்டு வீரர்கள் சறுக்கி முடிப்பதற்குள் பஸ் அண்ணை தூங்கிப்போனார். வாய் சற்றுத் திறந்திருந்தது. குறட்டை வந்தது. தங்கச்சிக்கும் எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். தொலைக்காட்சியின் சத்தத்தை முழுதாகக் குறைத்தார்.

"மெதுவாக் கதையுங்கோ" என்றார். "விடியப்புறமே வேலைக்குப் போட்டு வந்தவர். அவர் கொஞ்சம் படுக்கட்டும்."