யோகேஸ்வரி அக்கா கட்டிய சிவப்பு ரிப்பன்

மடக்கு ஏணியைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் ஊரான மாசாயின் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் போகும் பெண் ஒருவர்தான். யோகேஸ்வரி அக்கா. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் சர்க்கியூட் பலகைகளைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்தவர். தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. மூன்றே மாதத்தில் பாதுகாப்புக் கேமரா பொருத்தக் கற்றுக்கொண்டு, வீடு வீடாகப் போக ஆரம்பித்துவிட்டார்.

என் அம்மா செல்லத்துக்கு வலிப்பு நோய். அப்பா தங்கராஜு வேலை பார்ப்பது கெலாங் பாத்தாவில், ஒரு கிடங்கில். பகலெல்லாம் அம்மா தனியாக இருந்தார். நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு, அப்போது ஜார்ஜியாவில் ஒரு விடுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டுக் கூடத்தில் கேமரா வைக்கச் சொன்னது நான்தான். அக்கா ஏணியில் நின்றபடியே என்னோடு வீடியோவில் பேசினார்.

“அக்கா, அம்மா முகம் நல்லா தெரியணும். இருக்கறதிலேயே தெளிவானத போடுங்க.”

“தெளிவு கூடக் கூட படம் கனமாயிடும்மா. உங்கப்பா வேல செய்யற எடத்துல லைன் மெல்லிசு. வந்து சேராது.”

“பரவால்ல, போடுங்க லா.”

போட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், அப்பா சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்தார். அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. நாடகம் பார்க்கிறாள் என்று அப்பா நிம்மதியாகச் சாப்பிட்டார். படம் உறைந்து போயிருந்தது அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அம்மா சமையலறை வாசலில் விழுந்து கிடந்தார். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு வினிஃப்ரெட் ஆண்டிதான் கண்டுபிடித்தார். நெற்றியில் ஆறு தையல்.

யாரும் கூப்பிடாமலேயே மறுநாள் அக்கா வந்து நின்றார். நான் வீடியோவில் அழுதேன்.

“அழாத. சின்னப் புள்ள பேச்சக் கேட்டேன் பாரு, என்னத்தான் திட்டணும்,” என்றார். பிறகு வேலையை ஆரம்பித்தார்.

அந்தக் கேமரா ஒரே நேரத்தில் இரண்டு படம் அனுப்பும். பெரிய படத்தை வீட்டிலிருக்கும் ரெக்கார்டர் பெட்டிக்குத் திருப்பினார். டாக்டர் கேட்டால் காட்ட அது போதும். சின்னப் படத்தை அப்பாவின் போனுக்கு விட்டார். அதை அனுப்பும் விதத்தையும் மாற்றினார்.

“அண்ணே, இதுவரைக்கும் வழியில தொலஞ்ச துண்டயெல்லாம் திரும்பக் கேட்டு வாங்கிட்டுதான் அடுத்தத காட்டுச்சு. அதான் நின்னுபோச்சு. இனிமே தொலஞ்சது தொலையட்டும்னு விட்டுட்டு, இப்ப நடக்கறத காட்டும். கட்டங் கட்டமா ஒடஞ்சு தெரியும், பயந்துடாதீங்க.”

லீவு போட்டு வீட்டிலிருந்த அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோனார். “அலமாக்! ஐயோ, என் பொண்டாட்டியா இது? சட்னி மாதிரி இருக்கா.”

“சட்னின்னா சாப்பாடு கெடையாது, பாத்துக்குங்க!” என்றார் அம்மா.

அக்கா சிரித்தார். ஆனால் ஏணியை மடக்கவில்லை. படம் மறுபடி நின்றுபோனால் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? தீபாவளிப் பரிசுக்கூடையில் வந்த சிவப்பு ரிப்பனைக் கேட்டு வாங்கி, அம்மா பகல் முழுக்கப் போட்டு வைக்கும் ஸ்டாண்டு மின்விசிறியின் முன்கம்பியில் கட்டினார். கேமராவில் தெரியும்படி நகர்த்தியும் வைத்தார்.

“ரிப்பன் ஆடுதான்னு மொதல்ல பாருங்க. அப்புறம் அண்ணியப் பாருங்க. ஆடலன்னா படம் நின்னுபோச்சுன்னு அர்த்தம், உடனே வீட்டுக்குப் போன் அடிங்க.”

ஐந்து வாரம் போனது. ஒரு காலை பத்து மணிக்கு அப்பா பார்த்தபோது ரிப்பன் படபடத்துக்கொண்டிருந்தது. தரையில் அம்மாவின் புடவை நிறத்தில் கலங்கலாக ஏதோ கிடந்தது. அவர் யோசிக்கவே இல்லை. வினிஃப்ரெட் ஆண்டியை அழைத்தார். ஆண்டி தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து, அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாயிலிருந்த இட்லித் துண்டு அப்போதுதான் வெளியே விழுந்தது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

போன மாதம் ஊர் திரும்பியதும், பையை வைத்துவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

“சரி சரி, உள்ள வா. இன்னும் மூணு வீட்டுல நோயாளிங்க இருக்காங்க. ரிப்பன் இருக்கா உங்கிட்ட?”

எங்கள் தெருவில் இப்போது பரிசுக்கூடை ரிப்பனை யாரும் எறிய நான் விடுவதில்லை. வீடு வீடாகக் கேட்டு வாங்கி, சுருக்கம் போகத் தேய்த்து, டின்னில் போட்டு வைக்கிறேன். சனிக்கிழமை காலை அக்கா ஹாரன் அடித்ததும் எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.