மஞ்சு மாதிரி ஒருத்தி

மாரிராஜ் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் மஞ்சு அவனோடு குடும்பம் நடத்தியது போனில்தான். மகள் அபி பிறந்தது, குத்துக்கல்வலசையில் வீடு கட்டியது எல்லாமே அவன் ஊரில் இல்லாதபோது நடந்தவை. ஒருவழியாக ஓய்வு பெற்று வந்தான். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் செங்கோட்டை ரோட்டில் பைக்கோடு விழுந்து மண்டையில் அடி வாங்கிக்கொண்டான்.

பிழைத்தது பெரிய காரியம். நடந்தான், சாப்பிட்டான், பேப்பர் படித்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, காபியை நீட்டிய மஞ்சுவை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க யாரு? மஞ்சு எங்க?"

விளையாடுகிறான் என்று நினைத்தாள். "ஒங்க ரெண்டாம் பொண்டாட்டி" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

"அதே முகம், அதே மூக்குத்தி. அச்சு அசலா அவதான். ஆனா நீங்க அவ இல்ல."

அன்றிலிருந்து ஹாலில்தான் படுக்கை. வேற பொம்பளை இருக்கிற ரூமுக்குள் வரமாட்டானாம், மானஸ்தன்! கட்டின பொண்டாட்டிக்குத் துரோகம் பண்ணமாட்டேன் என்று கட்டின பொண்டாட்டியிடமே சொல்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்ல? மஞ்சு கல்யாண ஆல்பத்தைக் காட்டினாள். அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பதைக்கூட விட்டுவிட்டாள். ஒவ்வொரு பேச்சுக்கும் அவன் எதிரில் வந்து நின்று, "என் மூஞ்சியப் பாருங்க" என்றாள். பார்க்கப் பார்க்க அவன் மிரண்டான். அவள் சோறு தின்பதையே மறந்தாள்.

அவளுடைய அண்ணன் சுந்தரபாண்டியன் வந்து நின்றான். "புத்தி தடுமாறுனவங்கள அருவியில நிறுத்துனா தெளிஞ்சிரும்ட்டி. காலங்காலமா செய்யுததுதான."

அடிபட்ட தலையில் அருவித் தண்ணீரா என்று அவளுக்குப் பகீரென்றது. ஆனாலும் போனாள். வேறு என்னதான் செய்வாள்?

ஐந்தருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அண்ணன் அவனைக் கூட்டிக்கொண்டு போனான். இவளும் தன் பக்கம் போய், வேண்டாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு குளித்தாள். துணி மாற்றும் அறையில் நிற்கும்போது வெளியே அவன் தும்முவது கேட்டது. தன்னை மறந்து கத்திவிட்டாள்.

"ஏங்க, துண்டு பையில இருக்கு! மொதல்ல தலையத் தொவட்டுங்க!"

சுவருக்கு அந்தப் பக்கம் தும்மல் நின்றது. பிறகு அவன் குரல் உடைந்து வந்தது.

"ஏட்டி மஞ்சு! இத்தன நாளா எங்கட்டி போயிருந்த?"

ஈரத்தலையோடு ஓடி வந்தாள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"நீங்களா? எம் பொண்டாட்டி உள்ள இருக்கா. கொஞ்சம் கூப்பிடுங்க."

மறுநாள் தென்காசி மூளை டாக்டர் அருவிக்குப் போனதற்கு நன்றாக ஏசிவிட்டு, அவனையும் உட்காரவைத்துச் சொன்னார்: "முகத்த அடையாளம் காணுற வேலை மூளையில ஒரு பக்கம் நடக்குது. பார்த்ததும் 'நம்ம ஆளு'ன்னு ஒரு பாசம் பொங்குது பாருங்க, அது வேற பக்கம். ரெண்டுக்கும் நடுவுல உள்ள பாதைதான் அடிபட்டிருக்கணும். குரல் போற பாதை வேற. அது நல்லாருக்கு. ஆனா முகம் எதிர்ல நின்னா, மூளை கண்ணு சொல்லுறதத்தான் நம்பும்."

ஒருவரைத் தெரியும் என்றால் தெரியும், அவ்வளவுதான் என்று இருந்தவள் மஞ்சு. கண்ணுக்கு ஒரு வழி, காதுக்கு ஒரு வழி, பாசத்துக்குத் தனி வழி! ஒரு தேங்காய் அளவு மண்டைக்குள் இத்தனை வைத்துப் படைத்திருக்கிறானே! அழுகையோடு அழுகையாக அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சாயங்காலம் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினாள். ஆசை தீரப் பேசினான் அவன்.

"இங்கன ஒருத்தி இருக்கா. நல்லவதான், ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா நீ வாட்டி."

"நான் வந்தா ஒங்க கண்ணு நம்பாதே. டாக்டர் சொன்னாருல்லா?"

துணி உதறும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப வா" என்றான்.

எட்டிப் பார்த்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தான். கை மட்டும் அவள் பக்கமாக நீண்டிருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைக் கொடுத்தாள். அவன் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடவிப் பார்த்தான்.

"என்னட்டி, இப்பிடி மெலிஞ்சு போயிட்ட?"