மாமா வந்த அன்று சுட்ட பேரீச்சம்பழ பிஸ்கட்

குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்த கரண்ட் 'அவன்', அதாவது கேக் சுடும் அடுப்பு, எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்யும். மற்ற நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த கம்பெனிகள் எல்லாம் கரண்டை இழுத்துக்கொள்ள, எங்கள் தெருவுக்கு வந்துசேர்வது மிச்சம் மீதிதான். டியூப்லைட்டே எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கும். ஞாயிறன்று கம்பெனிகளுக்கு லீவு என்பதால், சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாக அம்மா அந்த வட்டமான அலுமினியப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டுவிடுவாள். "அவன் சூடாயிட்டானா, தொட்டுப் பாரு" என்று அவள் அடுக்களையிலிருந்து கத்தியதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா, எங்கள் வீட்டில் யாரோ பையனுக்குக் காய்ச்சல் என்று ரசம் வைத்துக் கொண்டுவந்ததுகூட உண்டு.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. குவைத்தில் ஒரு ரொட்டி கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். போன லீவில் வந்தபோதுதான் அந்த அவனையும், ஒரு பெரிய தகர டப்பா நிறையப் பேரீச்சம்பழத்தையும் கொண்டுவந்தார். கூடவே ஒரு பிஸ்கட்டும் சொல்லிக்கொடுத்தார். பழத்தைக் கொட்டை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு அல்வா மாதிரி கிளற வேண்டும். வெண்ணெயும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த மைதாவை நீளமாகத் தேய்த்து, நடுவில் பழத்தை வைத்து, இரண்டு பக்கமும் மடித்து மூடி, அப்படியே அவனுக்குள் தள்ள வேண்டும். இதுவரைக்கும் அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் வெந்து வந்ததைத் துண்டு போட்டு, சூட்டோடு சூடாக டப்பாவில் போட்டு மூடச் சொன்னபோது அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. முறுக்கானாலும் அதிரசமானாலும் நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவைத் தொடலாம் என்பது அவள் சட்டம்.

"அக்கா, அது ஆவியிலதான் மெத்துனு ஆவும். நீ மூடு, நான் சொல்றேன்" என்றார் மாமா.

மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், பல் இல்லாதவர்கூடத் தின்னலாம், அவ்வளவு மென்மை. அம்மா தோற்றுப்போய்ச் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

நான் நாலாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், ஆகஸ்ட் மாதத்தில், குவைத்துக்குள் பக்கத்து நாட்டு ராணுவம் புகுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்குப் பிறகு மாமாவிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. அப்பா வேலை முடிந்து நேராக ரயில் பிடித்து டவுனுக்குப் போய், ஏதேதோ ஆபீஸ்களில் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வருவார். ஆவடியில் ஒருவர் குவைத்திலிருந்து திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு அம்மாவும் அப்பாவும் ஓடினார்கள். அந்த ஆளுக்கு மாமாவைத் தெரியவில்லை. ஜோர்டான் எல்லையில் பாலைவனத்தில் கூடாரம் போட்டு ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாராம். அன்றே அம்மா அந்த அலுமினிய அவன் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டாள். பேரீச்சம்பழ டப்பா பரணுக்குப் போய்விட்டது. பிஸ்கட் எப்போது செய்வாய் என்று கேட்பதற்கு எனக்கே பயமாக இருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாமாவுக்காக எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பதாகச் சபையில் முடிவு செய்தார்கள். வருகிறவர்களுக்குக் காப்பியோடு ஏதாவது கொடுக்க வேண்டுமே! அம்மா மத்தியானம் ரொம்ப நேரம் பரணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி டப்பாவை இறக்கினாள். நான் கொட்டை எடுத்தேன், அவள் மாவு பிசைந்தாள். வெட்டும்போது ஓரத்தில் விழும் துண்டுகள் எனக்குத்தான் என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

முதல் ஈடு உள்ளே போயிருந்தது. அப்பா பாய் இரவல் வாங்கப் போயிருந்தார். கேட்டில் தாடியோடு ஒரு ஆள் நின்றுகொண்டு உள்ளே பார்த்தார். தோளில் ஒரு பிளாஸ்டிக் பை, இரண்டு காலிலும் வேறு வேறு நிறத்தில் ரப்பர் செருப்பு. யாரோ உதவி கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மாவுக் கையோடு வெளியே வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கத்தவில்லை, ஓடவில்லை. "இன்னாடா இது செருப்பு?" என்றாள்.

"கெடைச்சத மாட்டிகினு வந்தேங்கா" என்றார் அந்த ஆள். குரலைக் கேட்ட பிறகுதான் அது மாமா என்று எனக்குத் தெரிந்தது.

அம்மா அவர் தோளைப் பிடித்தாள், முகத்தைப் பிடித்தாள். தாடியெல்லாம் மைதா ஆகிவிட்டது. அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். அது எவ்வளவு நேரம் நடந்திருக்குமோ, மாமாதான் திடீரென்று மூக்கை உறிஞ்சினார். "அக்கா, உள்ள அடி புடிக்குது!" என்று செருப்பை உதறிவிட்டு அடுக்களைக்கு ஓடி ஸ்விட்சை அணைத்தார். அடிப்பக்கம் மட்டும் லேசாகக் கருகியிருந்தது. அவரே வெட்டினார். ஆனால் டப்பாவில் போடவில்லை. நின்றபடியே, ஊதக்கூட ஊதாமல், ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே இருந்தார். ஓரத் துண்டுகளும் போயின. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுத்த ஈட்டுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சபையார் துக்க வீட்டுக்கு வருகிற முகத்தோடு, பாட்டுப் புத்தகங்களோடு வந்தார்கள். போதகர் ஆறுதல் சொல்ல நீளமாக ஒரு பிரசங்கம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். ஹாலில் முகம் சவரம் செய்து, அப்பாவின் தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டு மாமா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு பலமாகச் சிரித்துவிட்டார். அன்று பிரசங்கம் கிடையாது. பாட்டு மட்டும்தான், அதுவும் தெருமுனைவரை கேட்டிருக்கும். தட்டில் ஆளுக்கு ஒரு பிஸ்கட் வருவதே பெரும்பாடாக இருந்தது, ஆனால் அம்மா அதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. பம்பாயில் இறங்கியதும் மாமா அடித்த தந்தி, மறுநாள் மத்தியானம் வந்தது. தபால்காரரிடம் மாமாவே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தத் தந்திக்கு முன்னால் காலையிலேயே ஒன்று நடந்தது. மாமா படுத்திருந்த இடத்தில் எறும்பு வரிசை போனது. தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கைக்குட்டையில் முடிந்து பிஸ்கட்கள்.

"அம்மா, மாமா திருடி வெச்சிகினு கீறாரு!" என்று சந்தோஷமாகக் கத்தினேன். பெரியவர்களும் இதைச் செய்வார்கள் என்பது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

அம்மா ஓடி வந்தவள் என் வாயைப் பொத்தினாள். கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமாவுக்குக் கேட்டுவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு எறும்புகளைத் தட்டிவிட்டு, கைக்குட்டையை உதறி, கூட்டம் கலைந்த பிறகு சுட்டு டப்பாவில் மூடியிருந்ததிலிருந்து புதிதாக இரண்டு பிஸ்கட் எடுத்து முடிந்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். அடுத்த நாளும் வைத்தாள். கிறிஸ்துமஸ் வரைக்கும்கூட வைத்தாள் என்று நினைக்கிறேன். பிஸ்கட் தீர்ந்த நாட்களில் ரொட்டித் துண்டு.

நான் கேட்டால் நாளைக்கு என்கிறவள், அவருக்கு மட்டும் கேட்காமலே தலையணைக்கடியில் வைக்கிறாளே என்று அப்பாவிடம் புகார் சொன்னேன். தம்பி என்றால் தனிச் செல்லம் என்றேன். அப்பா என் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு மனிதர், அடுத்த வேளைச் சாப்பாடும் வரும் என்று நம்புவதற்கு இன்னும் சில மாதங்கள் ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது.