பூர்கல் கை வைத்தவர்கள்

எங்கள் மலைக்கிராமம் ஃபெர்னாலில் பூர்கல் கையால் அடி வாங்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நானே வாங்கியிருக்கிறேன். அவள் பெருக்கிச் சமன்படுத்தி வைத்திருந்த இழுவை வாசலில் நான் ஓட்டும் பேருந்தின் பின்சக்கரத்தைத் தெரியாமல் ஏற்றிவிட்டேன். இறங்கி மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் பனி அள்ளும் பலகை முதுகில் விழுந்தது. அடுத்த நிமிஷமே, "வலிக்குதாடி மேனா? உள்ள வா, சூடா சூப்பு இருக்கு" என்றாள். போய்க் குடித்தேன். வேறென்ன செய்வது?

ஞானஸ்நானப் பெயர் நோட்பூர்கா. சறுக்க வருபவர்களை மலைமேல் இழுத்துப் போகும் அடிவாரத்து இழுவையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஓடும் கம்பியில் தொங்கி வரும் கொம்பை எட்டிப் பிடித்து, காலில் பனிச்சறுக்குக் கட்டை மாட்டி நிற்பவரின் பின்புறத்தில் செருகி, "உக்காராதே, நில்லு!" என்று ஓர் அதட்டல் போட்டு மேலே அனுப்ப வேண்டும். சொன்னதைக் கேட்காமல் உட்கார்ந்து விழுபவர்களைக் காலைப் பிடித்துத் தரதரவென்று ஓரமாக இழுத்துப் போடுவாள். வரிசையில் முந்திய ஒரு ம்யூனிக் வக்கீலின் மூஞ்சியைப் பனியில் தேய்த்து, கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்த மனிதர் மறுவருஷம் பெண்டாட்டியைக் கூட்டி வந்து, "இந்தம்மாதான்" என்று பெருமையாகக் காட்டினார். சறுக்க வரும் வெளியூர் விருந்தாளிகளின் புத்தியே தனி.

கணவன் அட்டிலியோ கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரன், சாலை வெட்டும் இயந்திரம் ஓட்டியவன். இவள் வாணலியால் அடிப்பாள், அவன் நாற்காலியால் அடிப்பான். இரண்டு பேர் அடியும் சமமாக இருந்தவரை குடும்பம் நடந்தது. ஒருநாள் இவள் அடி கொஞ்சம் கூடிவிட, தலையில் தையலோடு கணவாய் ஏறிப் போனவன் திரும்பவில்லை. மகள் ஆஃப்ரா மட்டும் மிஞ்சினாள். பூர்கல் இந்த உலகத்தில் கை வைக்காத ஒரே உயிர் அந்தப் பெண்தான்.

நான் சொல்லப்போகும் குளிர்காலத்தில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. தினமும் விடிந்ததும் மேலே வெடி வைப்பார்கள். சரியக் காத்திருக்கும் பனியை முன்கூட்டியே சரிய வைப்பதற்கு. ஜன்னல் கண்ணாடி அதிரும், நாய்கள் கட்டிலுக்கு அடியில் போகும். ஒரு சரிவு அப்படியும் தப்பி வந்து குயிரினுடைய ஆட்டுக்கொட்டிலை ஆடுகளோடு அள்ளிக்கொண்டு போயிற்று. குயிரின் நடுமலையில் சாப்பாட்டுக் குடில் வைத்திருப்பவன். ஒரு பாட்டம் அழுதுவிட்டு அன்றைக்கே முப்பது பேருக்கு க்னோடல் உருண்டை பிடித்து வேகவைத்தான். பனி என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம், ஆடு போனாலும்.

சாயங்காலம் விருந்தாளிகள் மதுக்கடைக்குக் கிளம்பிய பிறகு உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒரு கடைசிச் சுற்று உண்டு. பூர்கலும் இழுவையை என் பொறுப்பில் விட்டுவிட்டு மேலே போவாள். அத்தனை பெரிய உடம்பு வளையாமல் நெளியாமல் நேராக, ஓவென்று கத்திக்கொண்டு இறங்கும். எதிரே வருபவன் செத்தான். கீழே வந்து நிற்கும்போது முகமெல்லாம் பனியும் மூக்குச்சளியுமாகச் சிரிப்பாள். அவள் சிரிக்கும் நேரம் அது ஒன்றுதான்.

எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே கட்டையும் காலில் ஏறிவிடும். அதனால் தூரத்தில் ஒருவர் இறங்கி வந்தால் முகம் தெரிய வேண்டியதில்லை. இருமலை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டுபிடிப்பது மாதிரி, சறுக்கித் திரும்பும் வளைவை வைத்து ஆளைச் சொல்லிவிடுவோம். ஆள் போய்விட்டாலும் பனியில் கிடக்கும் தடம் போதும். பூர்கலின் தம்பி ரோமெட்டின் வளைவு எந்தக் கூட்டத்திலும் தெரியும். இடப்பக்கம் வெடுக்கென்று குட்டையாக வெட்டுவான், வலப்பக்கம் சாவகாசமாக நீள விடுவான். பனிச்சறுக்கு ஆசிரியன்; அவன் இறங்கும் அழகைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். ஆஃப்ராவுக்கு முதன்முதலில் கட்டை மாட்டிவிட்டவனும் அவன்தான். அவளுக்கும் அதே வளைவு வந்திருந்தது. பதினாறு வயதில் மாகாண அணியில் எடுத்திருந்தார்கள். மார்ச்சில் பெரிய போட்டி. பூர்கல் அதைப் பற்றிப் பேசுவதில்லை, போட்டி நடக்கும் ஊருக்குப் போகப் புதுக் காலணி மட்டும் வாங்கி வைத்திருந்தாள்.

ஜனவரிக் கடைசியில் ஒரு மத்தியானம் மூடுபனி இறங்கியது. சறுக்குப்பாதை காட்டோரம் திரும்பும் இடத்தில் யாரோ மேலிருந்து முழு வேகத்தில் வந்து ஆஃப்ராவை மோதி எறிந்தான். அவள் ஒரு பைன் மரத்தில் போய் விழுந்தாள். மோதியவன் நிற்கவில்லை. வழி தவறி வந்த ஒரு பெல்ஜியக்காரி, அவள்மேல் ஏறாத குறையாக வந்து நின்று, அதன்பிறகுதான் கூச்சல் போட்டாள். அதற்குள் வெகுநேரம் ஆகியிருந்தது.

மூடுபனியில் ஹெலிகாப்டர் பறக்காது. ஆம்புலன்ஸ் முன்னால் போக, காலிப் பேருந்தில் பூர்கலை ஏற்றிக்கொண்டு நான் பின்னாலேயே இன்ஸ்ப்ரூக் வரை ஓட்டினேன்.  வழியில் அவள் திடீரென்று முன் கண்ணாடியில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். கண்ணாடி விரிசல் விட்டு, கை கிழிந்து, ரத்தம் என் மடியில் சொட்டியது. நான் நிறுத்தவில்லை.

தொடையெலும்பு இரண்டு இடத்தில் போயிருந்தது. ரத்தக்குழாய் நசுங்கி, அதோடு பனியில் கிடந்து, கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருப்போம்" என்று டாக்டர் சொன்னபோது பூர்கல் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். நான் விரல் விரலாகப் பிரித்தேன். ஆஃப்ரா கண் விழித்ததும் போலீஸ் கேட்டது, நாங்கள் கேட்டோம். "ஒண்ணும் ஞாபகமில்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ரோமெட் வந்தான். அறை வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான், ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கொள்ளாது என்று உள்ளே வராமலே போய்விட்டான்.

கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்து பூர்கல் இழுவையில் நின்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒருவரையும் அதட்டவில்லை. கொம்பைச் செருகுவதற்கு முன் குனிந்து ஒவ்வொருவர் கட்டையையும் தடவிப் பார்த்தாள். மோதிய தடயம் ஏதாவது இருக்கிறதா என்று.

"போலீஸ்தான் ஓட்டல் ஓட்டலா விசாரிக்குதே. நீ ஏன்டி?" என்றேன்.

"அவனுங்க பிடிச்சா ஜெயில்ல வைப்பானுங்க. நான் பிடிச்சா அவன் காலை வைப்பேன், இங்க" என்று விறகு பிளக்கும் அடிமரத்தைக் காட்டினாள்.

பிடித்தாள். ஒரு டச்சுக்காரர். பல் டாக்டராம். அவர் கட்டை விளிம்பு புதிதாகச் சிதைந்திருந்தது. எங்கே சிதைந்தது என்று அவள் கேட்டதற்கு ஏதோ ஜோக் அடித்தார். பலகைக் கைப்பிடியால் மூக்கில் ஒன்று. விழுந்தவர் மேல் ஏறி உட்கார்ந்து இன்னும் நான்கைந்து. மூக்கு ஒருபக்கமாகப் போயிற்று, பல் டாக்டர் பல்லே இரண்டு பனியில் கிடந்தது. வரிசையில் நம்ம ஆட்கள் ஒரு டஜன் பேர் நின்றிருந்தார்கள். ரோமெட்தான் ஓடி வந்து அக்காவைத் தூக்கினான், அவர் முகத்தைக் கழுவிவிட்டான், கையைப் பிடித்துக் கெஞ்சி புகார் கொடுக்காமல் பார்த்துக்கொண்டான். அந்த மனிதர் ஊருக்கு வந்ததே விபத்துக்கு அப்புறம், முந்தின சனிக்கிழமைதான் என்று பிறகு தெரிந்தது. தம்பி என்றால் இவன்தான் தம்பி என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் தொடக்கத்தில் ஆஃப்ரா வீட்டுக்கு வந்தாள். வீடு இழுவைக்குப் பக்கத்திலேயே. பகலில் வெயில் விழும் வேலியோரம் அவளைக் கம்பளி போர்த்தி உட்கார வைப்போம். மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பெரிய போட்டி நடக்க வேண்டிய வாரத்தில் ஒருநாள், விருந்தாளிகள் கிளம்பியாகிவிட்டது, உள்ளூர்க்காரர்கள் கடைசிச் சுற்றுக்குக் கூடியிருந்தோம். மேலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு, பாடப்புத்தகத்தில் போட்ட படம் மாதிரி.

"யாருடி அது, புது ஆளா?" என்றாள் பூர்கல்.

"ரோமெட் சட்டை மாதிரி இருக்கே" என்றேன்.

அவள் இழுவையை நிறுத்தினாள். பாதி மலையில் தொங்கியவர்கள் கத்தினார்கள். பலகையை எடுத்துக்கொண்டு அவன் வந்து நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

"ரோமெட், உன் வளைவு எங்கடா?"

"முழங்கால் வலிக்குது அக்கா. அதான் பாத்து இறங்கறேன்."

"கால் வலிக்கிறவன் நொண்டுவான். நீ ஏன்டா வளைவை ஒளிக்கிற?"

அவன் முகம் வெளுத்தது. எனக்கே அந்த நொடியில் விளங்கிவிட்டது: மோதியவன் இவன்தான், வேலியோரம் ஆஃப்ரா பார்க்கிறாளே என்று வளைவை மறைக்கிறான். பலகை அவன் தாடையில் பட்ட சத்தம் காய்ந்த விறகு பிளந்த மாதிரி கேட்டது. விழுந்தவன் எழ முயன்றான். காலணியோடு நெஞ்சில் உதைத்தாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. வாயிலிருந்து வழிந்த ரத்தம் பனியில் சிவப்பாகப் பரவியது. இரண்டு பேர் பிடிக்க வந்து இரண்டு பேரும் விழுந்தார்கள். குயிரின் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"விடு பூர்கல், செத்துடப் போறான்! அவனும் அன்னிலேர்ந்து ஒழுங்காச் சாப்பிடறதுகூட இல்ல!"

பூர்கல் அசையாமல் நின்றாள்.

"என்னிலேர்ந்து, குயிரின்?"

 எல்லோரும் தங்கள் காலணியையே பார்த்தார்கள். பிறகு குயிரின் முணுமுணுத்தான். விபத்து நடந்த அன்று மத்தியானம் ரோமெட் அவன் குடிலில் ஷ்னாப்ஸ் சாராயத்தைக் கிளாஸ் கிளாஸாகப் போட்டுவிட்டுக் கிளம்பினான். ஊற்றியது குயிரின். மறுநாள் காலை மூடுபனி விலகி வெயில் வந்தது. மோதிய இடத்திலிருந்து காட்டுக்குள் இறங்கிய தடம் நாற்காலி இழுவைக்கு நேர் கீழே கிடந்தது, இடப்பக்கம் குட்டை, வலப்பக்கம் நீளம். வேலைக்கு மேலே போன ஊர் முழுக்கத் தலைக்குமேல் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தது. கீழ்ப்பள்ளத்தாக்கிலிருந்து வந்த போலீசுக்கு அது வெறும் கோடு. சாயங்காலம் பனி பெய்து மூடிவிட்டது. நானும் பூர்கலும் அப்போது இன்ஸ்ப்ரூக்கில் இருந்தோம்.

"நம்ம பையனை எப்படிக் காட்டிக் கொடுக்கறது?" என்றான் குயிரின். அவள் முழங்கை அவன் வாயில் இறங்கியது. எனக்கும் கை பரபரத்தது. அந்த டச்சுக்காரரின் பல் தெறித்தபோதும் இவர்கள் வாய் திறக்கவில்லையே! இன்றைக்கும் நினைத்தால் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

ரோமெட் எழுந்து உட்கார்ந்தான். "அவள்னு தெரியாது அக்கா... ஆஃப்ரான்னு தெரியாது. சத்தியமா. யாரோ விருந்தாளின்னு நெனச்சேன்."

பூர்கல் அவன் சட்டையைப் பிடித்து இழுவைக்கு இழுத்துப் போனாள். கொம்பை அவன் பின்னால் செருகினாள். "மேல போ. உன் வளைவுல இறங்கி வா. எம்மவ பாக்கட்டும். பாத்துட்டு அவ சொல்றதுதான் உனக்குத் தண்டனை."

அவன் தனியாக மேலே போனான். ஊர் அண்ணாந்து நின்றது. இறங்கினான். குட்டை, நீளம், குட்டை, நீளம். அடி வாங்கிய உடம்போடும் அவ்வளவு அழகாக இறங்கினான், பாவி. நேரே வேலிக்கு வந்து, கட்டையைக் கழற்றிவிட்டு, ஆஃப்ரா முன்னால் நின்றான். பூர்கல் பலகையோடு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன்.

"ஆஃப்ரா... நான்தான்மா."

"தெரியும் மாமா" என்றாள் அந்தப் பெண். குரல் சாதாரணமாக இருந்தது. "கண்ணைத் தெறந்தப்போ நீ கீழ நின்னு திரும்பிப் பாத்த. அப்புறம் காட்டுக்குள்ள இறங்கின. வளைவைப் பாத்ததும், அப்பாடா மாமான்னு இருந்துச்சு. மீட்பு வண்டி எடுத்துட்டு வரத்தான் போறன்னு நெனச்சேன்."

ரோமெட் முழங்காலில் விழுந்தான்.

"பக்கத்துல ஆளுங்க பேசிட்டுப் போற சத்தம் கேட்டுச்சு மாமா. ரெண்டு தடவை. கூப்பிட்டிருந்தா வந்திருப்பாங்க. நீதான் வரப்போறியேன்னு நான் கத்தவே இல்ல."

பூர்கல் பலகையைத் தலைக்குமேல் ஓங்கியிருந்தாள். ரோமெட் கழுத்தைக் குனிந்து காட்டினான், அடித்துவிடு என்பதுபோல. அவள் அப்படியே நின்றாள். பிறகு பலகையை என்னிடம் நீட்டினாள்.

"நீ போய்ப் போலீசுக்குப் போன் பண்ணுடி மேனா. எனக்குக் கை வரல."

இழுவைக் கூண்டுக்குள் போய் நான்தான் போன் செய்தேன். வெளியே ஊர் முழுக்க நின்று பார்த்தது, ஒருவரும் தடுக்கவில்லை.